சட்டம் அளந்த சிறு கார்

மிகச் சிறிய கார் ஒன்றை வாங்குவது விவேகமான காரியமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் காரின் உள்ளேயே விடையைத் தேடுகிறார்கள். பின்னிருக்கையில் முழங்கால் இடிக்கிறதா, சாமான் வைக்குமிடத்தில் இரண்டு பெட்டிகள் கொள்ளுமா, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், மேட்டில் ஏறும்போது திணறுமா என்று அவர்கள் விசாரிப்பதெல்லாம் நியாயமே. ஆயினும் இந்தச் சிறு வாகனங்களின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவருக்கு, ஒரே வண்டி ஒரு தேசத்தில் குடும்பத்தின் செல்லப் பொருளாகவும் மற்றொரு தேசத்தில் பரிகாசத்துக்கு இடமாகவும் இருந்திருக்கிறது என்பதும், ஒரே தேசத்திலேகூட ஒரு தலைமுறை தேடித் தேடி வாங்கியதை அடுத்த தலைமுறை திரும்பியும் பாராமல் ஒதுக்கியிருக்கிறது என்பதும் புலப்படும். அப்படியானால் விவேகமும் அவிவேகமும் வண்டியின் தகட்டிலும் என்ஜினிலும் மாத்திரம் இல்லை. அது ஓடும் ஊரின் வீதியிலும், அதன் மேல் விழும் வரியிலும், அதற்குப் போட்டியாக வாங்குபவர் எதிரில் நிற்கும் வேறு வாகனங்களிலும் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இதற்கு ஜப்பானைப் போல் தெளிவான சாட்சி சொல்லும் தேசம் வேறில்லை; ஏனெனில் சிறு காரின் நீளத்தையும் அகலத்தையும் என்ஜின் கொள்ளளவையும் சட்டத்தால் அளந்து வைத்து, அந்த அளவுக்குள் அடங்கியவற்றுக்குச் சலுகைகள் வழங்கி, ‘கேய்’ என்ற பெயரில் ஒரு தனி இனத்தையே முக்கால் நூற்றாண்டாகப் பேணி வந்திருப்பது அந்நாடு ஒன்றுதான்.

அந்தச் சட்டம் பிறந்தது 1949-ஆம் ஆண்டில். யுத்தத்தில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, அந்நியப் படைகளின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்த ஜப்பானில் பெட்ரோலும் இரும்பும் அரிய பண்டங்களாயிருந்தன. சொந்தக் கார் என்பது சாமானிய மனிதனின் கனவிலும் வராத காலம் அது. அப்போது சர்க்கார் வகுத்த இலேசு ரக வாகனத்தின் எல்லை, நீளம் 2.8 மீட்டர், அகலம் 1 மீட்டர் என்பதாகும். என்ஜினின் கொள்ளளவோ ஃபோர் ஸ்ட்ரோக் ஆனால் 150 சி.சி., டூ ஸ்ட்ரோக் ஆனால் 100 சி.சி. மட்டுமே. ஒரு மீட்டர் அகலத்துக்குள் இருவர் தோளோடு தோள் சேர்ந்து அமர்வதே பிரயாசையான காரியம். அத்தனை சிறிய என்ஜினைக் கொண்டு நான்கு சக்கர வண்டியை இழுப்பது அதனினும் பிரயாசை. ஆகவே அடுத்த ஆண்டிலேயே நீளம் 3 மீட்டராகவும் அகலம் 1.3 மீட்டராகவும் விரிந்தன. 1951-இல் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினுக்கு 360 சி.சி. வரை அநுமதி கிடைத்தது. 1955 முதல் இருவகை என்ஜின்களுக்கும் அந்த 360 சி.சி.யே பொது எல்லையாயிற்று. அதன்பின் இருபது ஆண்டுகள் வரை அந்த அளவுகள் அசையவில்லை. எல்லைகள் நிலைத்து நின்றதனால்தான் தொழிற்சாலைகள் துணிந்து முதலீடு செய்ய முடிந்தது என்பதும், அந்த எல்லைக்குள் ஒவ்வொரு அங்குலத்தையும் கணக்கிட்டுச் செலவழிக்கும் கலை வளர்ந்தது என்பதும் பின்னர் நிரூபணமாயின.

அதே 1955-இல் வர்த்தக, தொழில் இலாகா ‘ஜனங்களின் கார்’ என்று ஒரு திட்டத்தைத் தயாரித்தது. நால்வர் ஏற வேண்டும், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் எட்ட வேண்டும், எடை 400 கிலோவைத் தாண்டக் கூடாது, லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்ற நிபந்தனைகள் பத்திரிகைகளில் கசிந்தபோது கார்த் தொழிலதிபர்கள் அதை அசாத்தியம் என்று தள்ளிவிட்டார்கள். திட்டமும் அதிகாரபூர்வமாக அரங்கேறாமலே போயிற்று. ஆயினும் அது வீண்போகவில்லை. அதுவரை கார் செய்து பழகாத சில ஸ்தாபனங்களுக்கு அது ஓர் இலக்கைக் காட்டிற்று. ஹமாமட்சு நகரில் 1909 முதல் நெசவுத்தறிகள் செய்து வந்து, யுத்தத்துக்குப் பின் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பியிருந்த சுசுகி கம்பெனி, ஜெர்மானிய லாயிட் காரை முன்மாதிரியாகக் கொண்டு, முன்சக்கரங்களை என்ஜின் இயக்கும் ‘சுசுலைட்’ என்ற வண்டியை அந்த ஆண்டின் இறுதிக்குள் வெளியிட்டது. விற்பனை சொற்பமேயாயினும், 360 சி.சி.க்குள் கார் சாத்தியம் என்பதை அது உலகுக்குக் காட்டிவிட்டது.

அந்தச் சாத்தியத்தை வீடுதோறும் பழக்கமாக்கியது சுபாரு 360. அதைச் செய்த ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ், யுத்த காலத்தில் போர் விமானங்கள் கட்டிய நகாஜிமா விமானக் கம்பெனியின் வாரிசு. விமானம் கட்டக் கூடாது என்று வென்றவர்கள் தடை விதித்தபின், அந்தப் பொறியியலார் பாத்திரங்கள் முதல் பஸ் வரை கைக்கு வந்ததையெல்லாம் செய்து பிழைத்தார்கள். மிஞ்சிக் கிடந்த விமானங்களின் வால் சக்கரங்களை மாட்டி ‘ராபிட்’ என்ற ஸ்கூட்டரைக்கூடச் செய்து விற்றார்கள். அவர்களுள் ஒருவரான ஷின்ரோகு மொமோசேயின் தலைமையில் 1955-இன் இறுதியில் ஆரம்பமான சிறு கார் முயற்சி, 1958-இல் சந்தைக்கு வந்தது. அடிச்சட்டம் என்று தனியே ஒன்று வைத்து அதன்மேல் கூடு பொருத்தும் பழைய முறையைக் கைவிட்டு, விமானத்தின் உடலைப் போல் மெல்லிய தகட்டையே வளைத்து, வளைவிலிருந்தே உறுதியைப் பெறும் முறையை அவர்கள் கையாண்டார்கள். வண்டியின் எடை 385 கிலோதான். என்ஜின் பின்புறத்துக்குப் போயிற்று. 10 அங்குலச் சக்கரத்துக்குத் தக்க டயர் நாட்டில் இல்லாமையால் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி அதைப் புதிதாகச் செய்து கொடுத்தது. சக்கரம் சிறுத்ததனால் உள்ளே அது அபகரிக்கும் இடம் குறைந்து, 3 மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளத்தில் வளர்ந்த மனிதர் நால்வர் உட்காரும்படி அமைந்தது. பதினாறு குதிரைச் சக்தியோடு நால்வரைச் சுமந்துகொண்டு அகாகி மலைச் சாலையில் நிற்காமல் ஏறிக் காட்டியதுதான் அதன் பரீட்சை. உருண்டு திரண்ட தோற்றத்தால் பொறிவண்டு என்று ஜனங்கள் அதற்குச் செல்லப்பெயர் சூட்டினார்கள்.

அதன் ஆரம்ப விலை 4,25,000 யென். கல்லூரிப் படிப்பு முடித்து உத்தியோகத்தில் சேர்ந்தவனின் மாதச் சம்பளம் 14,000 யென்னைக்கூட எட்டாத அக்காலத்தில், இரண்டரை ஆண்டுச் சம்பளத்தைச் செலவழித்தே அதை வாங்க முடியும். அப்படியிருந்தும் 1970-ஐ ஒட்டி அதன் உற்பத்தி முடிவுறுவதற்குள் ஏறக்குறைய 3,90,000 வண்டிகள் விற்றன என்றால், அதற்குக் காரணம் வண்டியின் சிறப்பு மாத்திரமன்று. கேய் வண்டியை ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் இருந்தது. பெரிய காருக்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டியிருக்க, இதற்குப் பதினாறே போதும். மற்றக் கார்களைக் காலந்தோறும் சர்க்கார் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பணமும் பொழுதும் இழக்க வேண்டியிருந்த நிர்ப்பந்தம் இதற்கு இல்லை. ஆண்டு வரி குறைவு. 1962-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, கார் வாங்க விரும்புபவர் அதை நிறுத்துவதற்குத் தமக்கு இடம் உண்டென்று போலீஸாரிடம் அத்தாட்சி பெற்றாக வேண்டும். தெருவை வண்டிகள் அடைத்துக்கொள்ளாமல் காப்பதற்காக ஏற்பட்ட அந்தக் கடுமையான விதியிலிருந்தும் கேய் வண்டிக்கு விலக்குக் கிடைத்தது. வாங்குபவரோ பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலிருந்தும் ஸ்கூட்டரிலிருந்தும் ஏறி வருகிறவர். மழையில் நனையாமல் மனைவி மக்களோடு கடைவீதிக்குப் போய் வரும் சௌகரியம் அவருக்கு எல்லையற்ற சௌகரியமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. 1960-இல் மஸ்டா கம்பெனி 3,00,000 யென்னுக்கே ஒரு வண்டியைத் தந்தது. 1967-இல் ஹோண்டா கம்பெனி அதே 360 சி.சி. எல்லைக்குள் 31 குதிரைச் சக்தியைப் பிழிந்தெடுத்த N360-ஐக் கொண்டுவந்து போட்டியை உச்சத்துக்கு ஏற்றியது.

இந்தப் புகழோடு சுபாரு 360 கடல் கடந்து போன கதை, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் உபகாரமானது. மால்கம் பிரிக்லின் என்ற வியாபாரி 1968-இல் அதை அமெரிக்காவில் இறக்குமதி செய்து 1,297 டாலருக்கு விற்கத் தொடங்கினார். 1,000 பவுண்டுக்குக் குறைந்த எடையுள்ள வாகனங்களுக்கு அந்நாட்டின் பாதுகாப்பு விதிகள் பொருந்தாமலிருந்த சந்தர்ப்பம் அவருக்கு வாய்த்தது. ஆனால் 1969-இல் நுகர்வோர் பத்திரிகையான ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ அதைச் சோதித்துப் பார்த்து, ஏற்கத் தகாதது என்று தீர்ப்பளித்தது; விற்பனை சரிந்து, கொண்டுவந்த வண்டிகள் தேங்கி நின்றன. டோக்கியோவின் சந்துகளிலும் ஜப்பானிய மலைக் கிராமங்களின் வளைவுகளிலும் போதுமானதாயிருந்த வேகம், எட்டுச் சிலிண்டர்க் கார்கள் பறக்கும் அகண்ட சாலைகளில் ஆபத்தாயிற்று. பெட்ரோல் மலிவாகவும் வீட்டு முற்றம் விசாலமாகவும் உள்ள நாட்டில், சிறுமையினால் மிச்சமாவது அற்பம். சிறுமையினால் நேரும் அபாயமோ பெரிது. வண்டி அதே வண்டிதான். அதை எடைபோட்ட தராசு வேறு.

ஐரோப்பாவிலும் இதே காலத்தில் சிறு கார்களுக்கு ஒரு வசந்தம் வந்து போயிற்று. குளிர்சாதனப் பெட்டிகள் செய்துவந்த இத்தாலியக் கம்பெனி ஒன்று 1953-இல் வெளியிட்ட முட்டை வடிவ ‘இசெட்டா’வில் முன்முகமே கதவாகத் திறக்கும்; அதன் உரிமையைப் பெற்ற ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கம்பெனி 1,60,000-க்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து, தான் நொடிந்துபோகாமல் தப்பியது. விமானம் கட்டுவதினின்றும் தடுக்கப்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் கம்பெனி, ஒருவர் பின் ஒருவர் அமரும் மூன்று சக்கர வண்டியை விற்றது. 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பிரிட்டனிலும் இவற்றுக்கு மவுசு ஏறியது. மூன்று சக்கரமானால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதும், வரியும் குறைவு என்ற சலுகை அங்கும் இருந்தது. ஆனால் இவை பெரும்பாலும் இருவருக்கான வண்டிகள். 1957-இல் இத்தாலியின் ஃபியட் 500-உம், 1959-இல் என்ஜினைக் குறுக்கே கிடத்தி 3.05 மீட்டரில் நால்வரை உட்கார வைத்த அலெக் இஸிகோனிஸின் மினி காரும் வந்தவுடன், சற்றே அதிகப் பணத்துக்கு முழுக் காரே கிடைக்கும்போது அரைக் காரை வாங்குவானேன் என்று ஜனங்கள் கேட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் முட்டை வண்டிகள் மறைந்தன. வெளியளவு குறைவதைப் பொறுத்துக்கொள்ளும் குடும்பஸ்தன், ஏறக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை குறைவதைப் பொறுப்பதில்லை என்ற பாடத்தை அவை விட்டுச் சென்றன.

இனி ஜப்பானில் நேர்ந்த வீழ்ச்சியைக் கவனிக்க வேண்டும்; ஏனெனில் சலுகை என்பது எத்தனை பெரிய தாங்குகோல் என்பது அது விலகியபோதுதான் நன்கு தெரிந்தது. 1966-இல் டொயோட்டா கம்பெனியின் கொரோலாவும் நிஸ்ஸான் கம்பெனியின் சன்னியும் வெளிவந்தன. தேசத்தின் வருமானம் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆயிரம் சி.சி. கார் நடுத்தர வகுப்பாரின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கேய் வண்டிக்கென்றிருந்த தனி லைசென்ஸ் 1968-இல் முற்றிலும் மறைந்தது. N360-இன் ஓட்டத்தில் குறையுண்டு என்று விபத்துக்கு ஆளானவர்கள் வழக்குத் தொடர்ந்ததும் சிறு காரின் பெயரைக் கெடுத்தது. 1973-இல் கட்டாயப் பரிசோதனை கேய் வண்டிகளுக்கும் விரிந்தது; அதே ஆண்டில் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. பின்பு புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, டூ ஸ்ட்ரோக் என்ஜின்களின் கழுத்தைப் பிடித்தன. பெட்ரோல் விலை ஏறினால் சிறு காருக்கு யோகம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 1970-இல் லாரி, வான் உட்பட 12 லட்சத்துக்கு மேல் விற்ற கேய் வாகனங்கள் 1975-இல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டன. ஹோண்டாவும் மஸ்டாவும் கேய் கார்களைச் செய்வதையே சில காலம் நிறுத்திவிட்டன.

இந்த நிலையிலிருந்து சிறு காரை மீட்டதில், 1976-இல் சர்க்கார் என்ஜின் எல்லையை 550 சி.சி.யாகவும் நீளத்தை 3.2 மீட்டராகவும் உயர்த்தியது ஒரு பாதி. 1979-இல் சுசுகி கம்பெனியின் தலைவர் ஒசாமு சுசுகி செய்த சாதுரியம் மறுபாதி. அக்காலத்தில் பிரயாணிக் கார் என்றால் அதன்மேல் பண்ட வரி உண்டு. சாமான் ஏற்றும் வான் என்றால் அந்த வரி இல்லை. அன்றாடம் கார் ஓட்டுபவர் எத்தனை பேரை ஏற்றிச் செல்கிறார் என்று பார்த்தால், பெரும்பாலும் அவர் தனியாகவோ இன்னொருவரோடோதான் போகிறார். பின்னிருக்கை காலியாகவே பவனி வருகிறது. ஆகவே பின்னிருக்கையைச் சுருக்கிச் சாமானுக்குரிய பரப்பைச் சட்டம் கேட்கும் அளவுக்கு விரித்து, தோற்றத்தில் காராகவும் பதிவேட்டில் வானாகவும் உள்ள ‘ஆல்டோ’ என்ற வண்டியை அவர் 4,70,000 யென்னுக்கு, நாடு முழுவதும் ஒரே விலையாக விற்றார். மற்றக் கேய் கார்கள் ஆறு லட்சத்தை ஒட்டி விற்ற சமயம் அது. வீட்டுக்கு ஏற்கனவே ஒரு கார் இருக்க, கடைக்கும் பள்ளிக்கும் போய்வர இரண்டாவது வண்டியைத் தேடிய பெண்கள் அதை விரும்பி வாங்கினார்கள். சர்க்கார் விழித்துக்கொண்டு அத்தகைய வான்களுக்கும் வரி விதித்தபோது, பின்னிருக்கையையே எடுத்துவிட்டு இருவர் மட்டும் அமரும் ஆல்டோவைக் கொண்டுவந்து வரிக்குத் தப்பிய கதையும் உண்டு. ஐரோப்பாவில் தோற்ற இரண்டிருக்கை இங்கே வென்றதற்குக் காரணம், வாங்கியவர்கள் அதைக் குடும்பத்தின் ஒரே காராக வாங்காததுதான்.

1989-இல் பொது விற்பனை வரி வந்து பழைய பண்ட வரி ஒழிந்ததும், வானாக வேஷம் போட வேண்டிய அவசியம் நீங்கிற்று. 1990-இல் எல்லை 660 சி.சி., 3.3 மீட்டர் ஆயிற்று. இந்த நிலையில் சுசுகி கம்பெனியார் ஓர் எளிய உண்மையைக் கண்டார்கள்: நீளத்துக்கும் அகலத்துக்கும் சட்டம் கறாராக எல்லை கட்டியிருக்க, உயரத்துக்கு மட்டும் 2 மீட்டர் வரை அது தாராளமாக விட்டிருக்கிறது, அந்த உயரத்தை அதுவரை கார் செய்தவர் யாரும் அவ்வளவாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கூரையை உயர்த்தினால் இருக்கையையும் உயர்த்தலாம். இருக்கை உயர்ந்தால், நாற்காலியில் அமர்வதுபோல் நிமிர்ந்து அமரும் மனிதனின் கால் முன்னோக்கி நீள வேண்டிய அவசியம் குறைகிறது. மிச்சமான நீளம் பின்னிருப்பவருக்குச் சேர்கிறது. 1993-இல் வந்த ‘வேகன் ஆர்’ இந்தத் தத்துவத்தின் வடிவம். செலவைக் குறைக்க அதற்கு ஓட்டுபவர் பக்கத்தில் ஒரு கதவும் மறுபக்கத்தில் இரண்டும் வைத்தார்கள். குனிந்து நுழையத் தேவையில்லாமல் நேரே உட்காரக்கூடிய அந்த வண்டி, முதியவர்களுக்கும் இடுப்பு வலிக்காரர்களுக்கும் வரப்பிரசாதமாயிற்று. போட்டிக் கம்பெனிகளும் அதே வழியில் இன்னும் உயரமான வண்டிகளைக் கொண்டுவந்தன. 2011-இன் இறுதியில் வெளியான ஹோண்டா ‘என்-பாக்ஸ்’, பெரிய கார்களையும் உட்படுத்திய விற்பனைப் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடம் வகித்தது. இதற்கிடையே 1998-இல் மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு இடமளிப்பதற்காக நீளம் 3.4 மீட்டராகவும் அகலம் 1.48 மீட்டராகவும் வளர்ந்தன. அந்த அளவே இன்றும் நீடிக்கிறது. 2014-இல் ஜப்பானில் விற்ற புது வாகனங்களில் நூற்றுக்கு நாற்பது கேய் இனத்தவை.

இத்தனை விற்பனையும் எந்த ஊரில் நடக்கிறது என்று பார்த்தால், நம் எதிர்பார்ப்புக்கு நேர் மாறான காட்சி கிடைக்கிறது. நெருக்கமான நகரத்துக்கென்றே சிறு கார் பிறந்தது என்று நாம் கருதுகிறோம். ஆனால் நாகானோ, தொத்தோரி, சாகா போன்ற கிராமாந்தர மாகாணங்களில்தான் கேய் வாகனங்கள் வீட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை ஒட்டிக் காணப்படுகின்றன. டோக்கியோவிலோ ஏறக்குறையப் பத்து வீட்டுக்கு ஒன்று என்ற அளவே. காரணம் விளங்காததன்று. டோக்கியோவில் சில நிமிஷங்களுக்கு ஒரு ரயில் வருகிறது. கார் நிறுத்தும் இடத்துக்கு மாத வாடகை கொடுத்து மாளாது. 1990-களில் பெரிய நகரங்களில் கேய் வண்டிக்கும் நிறுத்துமிடம் காட்ட வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. அங்கே சிறு காருக்குப் போட்டி பெரிய கார் அன்று, ரயில். கிராமத்திலோ கிளை ரயில் பாதைகள் மூடப்பட்டன. பஸ் தினத்துக்கு இரண்டு மூன்று முறையே வருகிறது. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், எண்பதை எட்டிய பாட்டனார் வயலுக்கு ஒரு பக்கம் என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி வண்டி வேண்டியிருக்கிறது. வரப்பை ஒட்டிய பாதையின் அகலத்துக்கு 1.48 மீட்டர் வண்டிதான் பொருந்தும். அந்தப் பாதைகளில் 1960-களின் ஆரம்பம் முதல் ஓடிவரும் கேய் லாரிகள், உழவனுக்கு மண்வெட்டிக்கு அடுத்த கருவியாகிவிட்டன.

இந்தச் சரித்திரத்தின் ஒரு கிளை நம் தேசத்திலும் ஊன்றியது. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி முதல் சாவியை வழங்கிய மாருதி 800, அடிப்படையில் அன்றைய சுசுகி ஆல்டோவேதான். ஜப்பானியச் சட்டத்தின் 550 சி.சி. கட்டு இங்கே இல்லாததால் 796 சி.சி. என்ஜினைப் பெற்றுக்கொண்டது. அம்பாஸடரும் பத்மினியுமே கார் என்றிருந்த நாட்டில், ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு, கோளாறின்றி ஓடும் நான்கு இருக்கை வண்டி கிடைத்தபோது அது முப்பது ஆண்டு ஆண்டது. அதே தர்க்கத்தை இன்னும் ஒரு படி நீட்டி, ஸ்கூட்டரில் நால்வராகச் செல்லும் குடும்பத்தை மனத்தில் வைத்து, 2008 ஜனவரியில் ரத்தன் டாட்டா 624 சி.சி. நானோவை ஒரு லட்ச ரூபாய்க் காராக அறிமுகம் செய்தார். 3.1 மீட்டர் நீளத்தில் நால்வரைத் தாராளமாக உட்கார வைத்த அதன் அமைப்பு பொறியியல் நோக்கில் மெச்சத்தக்கது. ஆயினும் 2018-இல் அதன் உற்பத்தி ஓய்ந்துவிட்டது. உலகத்திலேயே மலிவான கார் என்ற விளம்பரம், கார் வாங்குவதில் கௌரவத்தையும் சேர்த்து வாங்க விரும்பிய குடும்பங்களுக்கு ருசிக்கவில்லை என்பது பலரும் கூறும் காரணம். டாட்டாவே அப்படிச் சொல்லியிருக்கிறார். நான் இன்னொரு காரணத்தையும் சேர்ப்பேன். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், 4 மீட்டருக்குட்பட்டு 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் என்ஜின் கொண்ட கார் எதையும் சிறு காராகக் கருதி வரியைக் குறைத்தது. இந்தச் சட்டத்தின் கண்ணில் 3.1 மீட்டர் வண்டியும் 3.99 மீட்டர் வண்டியும் ஒன்றே. நிறுத்துமிடத்துக்கு அத்தாட்சி கேட்பாரில்லை, தெருவோரம் இலவசம். மேலும் சிறுக்க வேண்டிய காரணம் ஒன்றையும் சர்க்கார் அளிக்காத இடத்தில், தொழிற்சாலைகள் 4 மீட்டருக்கு ஓர் அங்குலம் குறைத்து வெட்டிய உயரமான வண்டிகளைச் செய்தன. ஜனங்களும் அவற்றையே வாங்கினார்கள்.

ஆகவே மிகச் சிறிய கார் விவேகமான கொள்முதலா என்பதற்குச் சரித்திரம் தரும் விடை, நிபந்தனைகளோடு கூடியது. சிறுமைக்கு ஊர் ஏதேனும் விலை கொடுக்கிறதா என்பது முதல் நிபந்தனை. வரியிலோ, நிறுத்துமிடத்திலோ, தெருவின் அகலத்திலோ அந்த விலை கிடைக்குமானால், வாங்குபவர் தாம் விட்டுக்கொடுத்த இடத்துக்கு ஈடு பெறுகிறார். கிடைக்காவிட்டால் அவர் இடத்தை இழந்ததுதான் மிச்சம். பெட்ரோல் சிக்கனம் மட்டும் அந்த ஈட்டைத் தராது என்பதற்கு 1975-ஆம் ஆண்டின் கணக்கே போதும். வாங்குபவர் எங்கிருந்து வருகிறார் என்பது இரண்டாவது. இரு சக்கர வண்டியிலிருந்து வருபவருக்கும், வீட்டில் பெரிய கார் ஒன்று இருக்க அன்றாடக் காரியத்துக்கு மற்றொன்று தேடுபவருக்கும் அது லாபம். ஒரே காரைக் கொண்டு கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் நெடுந்தூரப் பிரயாணத்துக்கும் குடும்பத்தோடு செல்ல எண்ணுபவருக்கு அது நஷ்டம்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. எடை குறைந்த வண்டியும் எடை மிகுந்த வண்டியும் மோதினால், உலோகத்தை எத்தனை கெட்டிக்காரத்தனமாக மடித்திருந்தாலும், எடை குறைந்ததில் இருப்பவரே அதிகம் பாதிக்கப்படுவார் என்பது பௌதிக விதி. பெரிய வண்டிகள் மலிந்த நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டுபவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 64 குதிரைச் சக்திக்கு மேல் போவதில்லை என்று ஜப்பானியக் கம்பெனிகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, நால்வர் ஏறிய கேய் வண்டி விரைவுச் சாலையின் மேட்டில் சிரமப்படத்தான் செய்யும். சலுகையும் சாசுவதமன்று, 2015-இல் புதுக் கேய் கார்களின் ஆண்டு வரி 7,200 யென்னிலிருந்து 10,800 யென்னாக ஏறிற்று. இருப்பினும் ஒரு லிட்டர் காரின் வரியோடு ஒப்பிட்டால் அது பாதிக்கும் குறைவே. ஆகையால் பழக்கம் கலையவில்லை.

எனவே காட்சிக்கூடத்துக்குப் போகுமுன், கடந்த ஒரு மாதத்தில் தம் வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை தூரம் போனார்கள், இரவில் அது எங்கே நின்றது என்று ஒருவர் எழுதிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் ஒருவரோ இருவரோ, இருபது முப்பது கிலோமீட்டருக்குள், குறுகிய தெருவிலுள்ள வீட்டிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பினார்கள் என்றால், அவர் தயங்காமல் சிறு காரை வாங்கலாம். மற்றவர்கள் அதன் அழகுக்காக வாங்கினால் குற்றமில்லை. சிக்கனத்துக்காக வாங்குகிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.